பேச்சும் வெளங்கணும், சண்டையும் காதைக் கிழிக்கக் கூடாது: கடற்கரை வீட்டில் 5.1 ஸ்பீக்கர்களைச் சமன்செய்ய முழு வழிகாட்டி

கீழக்கரையில் லாத்தா (அக்கா) வீட்டுக்குப் போனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏதாவது ஒரு படம் ஓடும். மச்சான் வெளிநாட்டுச் சபரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த 5.1 செட். முன் இடது, முன் வலது, நடுவில் சென்டர், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சரவுண்ட், அடித்தொனிக்கு (பாஸுக்கு) ஒரு சப்வூஃபர், இவற்றை ஓட்டும் ரிசீவர். நல்ல ரிசீவர், நல்ல ஸ்பீக்கர்கள். ஆனால் படம் முடியும்வரை லாத்தாவின் கையிலிருந்து ரிமோட் இறங்காது. யாராவது தாழ்ந்த குரலில் பேசினால் வால்யூம் ஏறும். அடுத்த நொடி ஒரு லாரி வெடித்தால் பதறிப்போய் இறக்குவார். "தம்பி, பேசுறது ஒண்ணும் வெளங்கல. சண்டை வந்தா தெருவே எந்திரிச்சிரும். இதுக்கு டிவி ஸ்பீக்கரே போதும்போல" என்றார் ஒருநாள்.

செட்டில் கோளாறே இல்லை. ரிமோட்டில் இருக்கும் வால்யூம் பட்டன் ஆறு ஸ்பீக்கர்களையும் சேர்த்து ஏற்றும், சேர்த்து இறக்கும். அவற்றுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை அது தொடுவதே இல்லை. அதைச் சரிசெய்ய ரிசீவரின் மெனுவுக்குள் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக ஒரு அளவு இருக்கிறது. பலருடைய வீட்டில் அது வாங்கிய நாளிலிருந்து பூஜ்யத்திலேயே கிடக்கிறது. ஒரு ராத்திரி உட்கார்ந்தால் முடிகிற வேலைதான். செய்ய வேண்டிய வரிசையில் சொல்கிறேன். வரிசை மாறினால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டிவரும்.

முதலில் ஒயரின் முனையைப் பாருங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் இதைச் சொல்லாது. நம் கரையில் இதுதான் முதல் வேலை. ஆனி, ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் கடல் பார்த்த ஜன்னல் கண்ணாடியை விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கும். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் அதே வேலையை வாடைக் காற்று செய்யும். கண்ணாடியில் படிகிற அந்த உப்புதான் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் செம்பு இழைகளிலும் படிகிறது.

லாத்தா வீட்டில் இடது சரவுண்ட் பேசவே இல்லை. பார்க்க வந்த ஒருவர் "ஸ்பீக்கர் போயிருச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்பிரிங் கிளிப்புக்குள் நுழையும் இடத்தில் இழைகள் முழுக்கப் பச்சை. கழுவாமல் விட்ட செம்புப் பாத்திரத்தில் பிடிக்குமே, அதே களிம்பு. கிளிப்பை அழுத்தினால் பாதி இழைகள் பொடியாக உதிர்ந்தன. இரண்டு அங்குலம் வெட்டி, உறையை உரித்து, பளிச்சென்ற செம்பு தெரிந்த பிறகு முறுக்கிச் செருகினேன். ஸ்பீக்கர் பேசியது.

முற்றிலும் செத்துப்போன இணைப்பைவிட அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இணைப்புதான் ஆபத்து. அதன் வழியே இன்று ஒரு அளவு வரும், நாளைக்கு வேறு அளவு வரும். நீங்கள் எடுக்கும் கணக்கெல்லாம் வீண். ஆகவே எல்லாவற்றையும் ஆஃப் செய்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கர் பக்கமும் ரிசீவர் பக்கமும் ஒவ்வொரு முனையையும் பாருங்கள். கறுத்திருந்தாலோ பச்சை பிடித்திருந்தாலோ வெட்டிப் புதிதாக உரியுங்கள். ஒரே ஒரு இழை சிவப்பிலிருந்து கறுப்புக்குத் தாண்டித் தொட்டாலும் ஆம்ப்ளிஃபயர் கட் ஆகும், பழைய செட் என்றால் புகைந்தும் போகலாம். டெர்மினல் ஏற்றுக்கொண்டால் தங்கமுலாம் பூசிய பனானா பிளக் போட்டுவிடுவது நல்லது. புதிதாக ஒயர் வாங்குகிறவர்கள் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கேட்டு வாங்குங்கள், கடல் காற்றை அது கூடுதலாகத் தாங்கும். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் விலை மலிவு. ஆனால் உப்புக்காற்றில் வெகுநாள் வராது.

ஒயரைத் திரும்ப மாட்டும்போது சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர்ந்திருக்கிறதா என்று இரண்டு முனையிலும் பாருங்கள். முன் ஸ்பீக்கர் இரண்டில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் குரல் நடுவில் நிற்காது, அறை முழுக்கக் கரைந்தது போல இருக்கும். பாஸும் காணாமல் போகும். அந்தக் குறையை எந்த வால்யூம் அளவாலும் ஈடுகட்ட முடியாது.

உண்மையிலேயே 5.1 வருகிறதா

ரிசீவரின் முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' அல்லது 'டால்பி டிஜிட்டல் பிளஸ்' என்று எழுத்து வர வேண்டும். 'பிசிஎம்' என்று மட்டும் வந்தால் டிவி எல்லாவற்றையும் இரண்டு சானலாகச் சுருக்கி அனுப்புகிறது என்று நினைத்துக்கொள்ளலாம். டிவியின் சவுண்ட் செட்டிங்ஸில் டிஜிட்டல் அவுட்புட்டை 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'ஆட்டோ' என்று மாற்றுங்கள். டிஷ் வழியே வரும் சானல்கள் பெரும்பாலும் ஸ்டீரியோதான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஓடிடி ஆப்களில் வரும் படங்களில்தான் முழு 5.1 கிடைக்கும்.

கூடவே நைட் மோடு, லவுட்னஸ், ஆட்டோ வால்யூம் எல்லாவற்றையும் இப்போதைக்கு அணைத்துவிடுங்கள். நைட் மோடு உரத்த சத்தத்தை அமுக்கித் தாழ்ந்த சத்தத்தை ஏற்றும். நல்ல வசதிதான், ஆனால் அளவெடுக்கும்போது கூடாது.

அளவைத் தொடுவதற்கு முன் இடத்தைத் தொடுங்கள்

ஒலிபரப்புத் துறையில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று உண்டு. உட்கார்ந்திருப்பவருக்கு நேர் எதிரே சென்டர். முன் இடதும் வலதும் அதிலிருந்து 30 பாகை விலகி. சரவுண்ட் இரண்டும் 100 முதல் 120 பாகையில், அதாவது காதுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி. முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைவரை உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அந்த 30 பாகை தானாகவே வந்துவிடும்.

நம் வீடுகளில் சோபாவோ திவானோ பின்சுவரை ஒட்டித்தான் கிடக்கும். பின்சுவரில் சரவுண்டை மாட்டினால் பிடரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்த அமைப்பில் பக்கச் சுவர்தான் நல்லது. உட்கார்ந்த நிலையில் காதுக்கு மேலே இரண்டு அடி உயரத்தில் மாட்டி, ஆளின் காதைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்க்கும்படி திருப்புங்கள்.

சென்டர் ஸ்பீக்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படத்தின் பேச்சில் மிகப் பெரும்பகுதி அது ஒன்றிலிருந்துதான் வருகிறது. அதைத்தான் நாம் டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள் ஆழமாகத் தள்ளி, மேலே செட்டாப் பாக்ஸையும் அடுக்கி வைக்கிறோம். தட்டுக்குள் இருக்கும்போது குரல் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கம்மும். லாத்தா வீட்டில் அதை முன்னால் இழுத்து, தட்டின் விளிம்பைத் தாண்டி அரை அங்குலம் நீட்டினாற்போல வைத்து, அடியில் முன்பக்கம் இரண்டு ரப்பர் துண்டு கொடுத்து, முகத்தைக் காது உயரத்துக்கு நிமிர்த்தினேன். அதற்கே சத்தம் 2 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) கூடியது. குரலின் தெளிவில் கிடைத்த லாபம் அதைவிடப் பெரிது.

அறை நடுவில் நின்று ஒரு கைதட்டுங்கள். சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, சாமான் குறைவு என்றால் 'டிர்ர்' என்று ஒரு அதிர்வு கேட்கும். அந்த எதிரொலி பேச்சின் மேல் ஏறிக்கொள்ளும். டிவிக்கும் சோபாவுக்கும் இடையே கனமான ஜமுக்காளம் விரித்து, ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை போட்டால் பாதி அடங்கும். கோரைப்பாய் மெலிசு, இதற்கு அவ்வளவாக உதவாது.

தூரம்

மெனுவில் 'டிஸ்டன்ஸ்' என்று இருக்கும். டேப் பிடித்து ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் தலை இருக்கும் இடம்வரை அளந்து கொடுங்கள். ஒலி நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும், ஒரு மீட்டர் கடக்க 3 மில்லிநொடி பிடிக்கும். பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரை ரிசீவர் அந்த அளவு தாமதப்படுத்தி, எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் வந்துசேரச் செய்கிறது. மெனுவில் அளவு அடிக்கணக்கில் இருக்கிறதா மீட்டரில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவெடுப்பது

தூரம் இரட்டித்தால் திறந்தவெளியில் 6 டெசிபல் குறையும். நான்கு சுவருக்குள் அதைவிடக் கொஞ்சம் கம்மியாகக் குறையும். ஒரு ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது குறிப்பிட்ட பவருக்கு அது தரும் சத்தம், 86 டெசிபல், இன்னொன்றுடையது 90 என்றால் ஒரே பவர் கொடுத்தும் 4 டெசிபல் வித்தியாசம் நிற்கும். இரண்டும் சேர்ந்துதான் நம் வீடுகளில் பின் ஸ்பீக்கர் கத்துகிறது, சென்டர் முனகுகிறது.

தேவையானது ஒரு ஃபோனும் அதை நிறுத்தி வைக்க ஒரு டிரைபாடும். டிரைபாடு இல்லாவிட்டால் ஸ்டூல் மேல் நாலைந்து தடித்த புத்தகம் அடுக்கிக்கொள்ளலாம். ஒலி அளக்கும் ஆப் இலவசமாகவே கிடைக்கும், ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு 'நியோஷ் எஸ்எல்எம்' நன்றாக இருக்கிறது. அதில் 'சி' வெயிட்டிங், 'ஸ்லோ' என்று வைக்கவும். ஃபோன் காட்டும் எண் உண்மையிலிருந்து 3, 4 டெசிபல் தள்ளியிருக்கலாம். அதே தவறு எல்லா ஸ்பீக்கருக்கும் சமமாக வருவதால் ஒப்பிடும் வேலைக்குக் கெடுதல் இல்லை.

ஃபோனின் மைக், நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உங்கள் காது இருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். கையில் பிடிக்காதீர்கள். சோபாவின் சாய்மானத்தில் சாத்தி வைப்பதும் தவறு, மெத்தை ஒலியை உறிஞ்சும்.

இனி ஃபேன். ஃபேன் சத்தம் அளவைக் கெடுக்கும் என்று பலரும் சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. சுற்றுச் சத்தம் டெஸ்ட் ஒலியைவிட 10 டெசிபல் குறைவாக இருந்தாலே தவறு அரை டெசிபலுக்குள்தான் வரும். ஃபேன் 50, டெஸ்ட் ஒலி 75 என்றால் ஒன்றுமே தெரியாது. கெடுப்பது ஃபேனின் காற்று. மைக்கின் துளையில் காற்று அடித்தால் 'புஸ்ஸ்' என்ற அடித்தொனி உருவாகி எண் தாறுமாறாகக் குதிக்கும். 'சி' வெயிட்டிங் அடித்தொனியை அப்படியே எண்ணுவதால் இன்னும் மோசம். ஜன்னல் வழியே வரும் கடல் காற்றுக்கும் இதே கதைதான். அதனால் பொழுது சாய்ந்து காற்று தணிந்த பிறகு, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கால் மணி நேரம் வியர்வையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெனுவில் 'லெவல்' அல்லது 'டெஸ்ட் டோன்' என்பதை எடுத்தால் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒரு இரைச்சல் வரும். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் நின்றால் அலை இரைவது கேட்குமே, அது மாதிரி. 75 டெசிபல் என்பது வழக்கமான குறி. தூங்குகிற பிள்ளைகள் இருந்தால் 70 போதும். எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே எண் வர வேண்டும் என்பதுதான் காரியம்.

லாத்தா வீட்டில் எல்லா அளவும் பூஜ்யத்தில் இருக்கும்போது வந்தது இது: முன் இடது 74, முன் வலது 75, சென்டர் 72, இடது சரவுண்ட் 79, வலது சரவுண்ட் 77. முன் இடதுக்குப் பக்கத்தில் வராந்தா வாசல் திறந்திருக்கிறது, வலதுக்குப் பக்கத்தில் சுவர். அந்த ஒரு டெசிபல் வித்தியாசம் அதனால்தான். இடது சரவுண்ட் தலையிலிருந்து 1.2 மீட்டர், முன் ஸ்பீக்கர்கள் 3 மீட்டர். இப்போது 74ஐக் குறியாக எடுத்துக்கொண்டேன். முன் இடதைத் தொடவில்லை. முன் வலது மைனஸ் 1. சென்டர் பிளஸ் 2. இடது சரவுண்ட் மைனஸ் 5, வலது சரவுண்ட் மைனஸ் 3. ஒவ்வொன்றையும் மாற்றியபின் நாலைந்து நொடி விட்டு எண் நிலைத்ததும் படிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் 79க்கு ஏற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். கூட்டுவதைவிடக் குறைப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். 3 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு பவர் கொடுக்க வேண்டும், 6 என்றால் நான்கு மடங்கு. சின்ன ரிசீவர் அதைத் தாங்காமல் உரத்த காட்சியில் கரகரக்கும்.

மைக்கோடு வந்த ரிசீவர் என்றால் இதையெல்லாம் அதுவே செய்யும். டெனானில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ என்று பெயர். தாராளமாக ஓட்டுங்கள். மைக் வைக்கும் விதிகள் மட்டும் மேலே சொன்னவையேதான். முடிந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று குறித்திருந்தால் 'ஸ்மால்' ஆக்கிவிடுங்கள், அப்போதுதான் அவற்றின் அடித்தொனி சப்வூஃபருக்குப் போகும். சப்வூஃபரின் தூரம் டேப் அளவைவிடக் கூடுதலாகக் காட்டினால் அதைத் திருத்தாதீர்கள். சப்வூஃபருக்குள்ளேயே ஏற்படும் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது கணக்குப் போட்டிருக்கிறது.

அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறவர்களுக்கு மெனு இருக்காது, முகப்பில் ஆறு குமிழ் இருக்கும். டால்பி டிஜிட்டல் சானல் டெஸ்ட் ஃபைல் ஒன்றைப் பென் டிரைவில் போட்டு ஓட்டி, குமிழைத் திருப்பி அதே முறையில் அளக்கலாம். யூடியூபில் '5.1 டெஸ்ட்' என்று வருபவை பெரும்பாலும் ஸ்டீரியோவாகத்தான் வந்துசேரும், அதை நம்ப வேண்டாம். பின் ஸ்பீக்கரோடு வரும் சவுண்ட்பாரிலும் ரிமோட்டில் பின்பக்கத்துக்கும் சப்வூஃபருக்கும் தனி அளவு உண்டு. தலைக்கு மேலிருந்து ஒலி தரும் அட்மாஸ் ஸ்பீக்கர் இருந்தால் அதையும் அதே குறிக்குக் கொண்டுவர வேண்டியதுதான்.

சப்வூஃபர்

இங்கே ஃபோனை முழுதாக நம்பக் கூடாது. ஃபோன் மைக் மனிதக் குரலுக்கென்று செய்தது, அடித்தொனியைக் குறைத்தே காட்டும். அது காட்டும் எண்ணை 74க்குக் கொண்டுவரப் பார்த்தால் பாஸை அளவுக்கு மீறி ஏற்றிவிடுவீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

முதலில் இடம். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவில் வையுங்கள். பாஸ் நிறைந்த ஒரு பாட்டைத் தாழ்வாக ஓடவிட்டு, சுவரோரமாக மெதுவாகத் தவழ்ந்து போங்கள். சில இடத்தில் 'கும்' என்று வீங்கும், சில இடத்தில் ஒன்றுமே இருக்காது. எங்கே பாஸ் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக, ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். மூலைக்குப் போகப் போகச் சத்தம் கூடும், தெளிவு குறையும்.

சப்வூஃபரின் பின்னால் உள்ள வால்யூம் குமிழைப் பாதியில் நிறுத்துங்கள். அதிலேயே கிராஸ்ஓவர் குமிழ், அதாவது எந்த அளவுக்குக் கீழே உள்ள தொனி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் குமிழ், இருந்தால் அதிகபட்சத்துக்குத் திருப்பிவிடுங்கள், பிரிக்கும் வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளட்டும். ரிசீவரின் கிராஸ்ஓவரில் 80 ஹெர்ட்ஸ் என்பது டிஎச்எக்ஸ் என்ற சினிமா ஒலித்தர நிறுவனம் வகுத்த வழக்கமான அளவு. கையளவுக் குட்டி ஸ்பீக்கர்கள் என்றால் 120 வரை போகலாம். ஃபேஸ் சுவிட்சுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சோபாவில் உட்கார, இன்னொருவர் 0, 180 என்று மாற்ற வேண்டும். எதில் பாஸ் கூடுதலாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

பிறகு அளவு. ஆண் குரலில் செய்தி வாசிப்பதை ஓடவிடுங்கள். குரல் டிவியிலிருந்து வராமல் அறையின் மூலையிலிருந்து குடத்துக்குள் பேசுவதுபோல முழங்கினால் சப்வூஃபர் அதிகம். ஒவ்வொரு டெசிபலாகக் குறைத்து, முழக்கம் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். இடியோசை வரும்போது தரை அதிர்வதை லேசாக உணர வேண்டும், சப்வூஃபர் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கக் கூடாது. எங்களுக்கு மைனஸ் 2இல் நின்றது. ரிசீவரில் கடைசி எல்லைவரை போக வேண்டியிருந்தால், சப்வூஃபரின் குமிழைத் திருப்பி ரிசீவர் எண்ணை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

ஃபேனைப் போட்டுவிட்டுக் கேளுங்கள்

அளவெடுத்தது ஃபேன் இல்லாமல். படம் பார்ப்பது ஃபேனோடு. கச்சான் காலத்தில் காற்றிரைச்சலும் சேரும். இந்த இரைச்சல் முதலில் விழுங்குவது தாழ்ந்த பேச்சைத்தான், துப்பாக்கிச் சத்தத்தை அல்ல. அதனால் எண் சரியாக வந்துவிட்டது என்று எழுந்துவிடாமல், ஃபேனை வழக்கமான வேகத்தில் போட்டு, தெரிந்த படம் ஒன்றில் இரண்டு பேர் மெதுவாகப் பேசும் காட்சியைக் கேளுங்கள். சென்டரை அரை அரையாக ஏற்றுங்கள். பெரும்பாலும் 1 அல்லது 2 டெசிபல் போதும். 3க்கு மேல் போனால் எல்லாச் சத்தமும் டிவிக்கு நடுவில் குவிந்து, முன் இரண்டு ஸ்பீக்கர் இருப்பதே தெரியாமல் போகும். லாத்தா வீட்டில் ஒன்றரை ஏற்றி 3.5இல் நிறுத்தினோம்.

சரவுண்டுக்கு ஒரு மழைக் காட்சி போடுங்கள். சுற்றிலும் மழை இருக்க வேண்டும். உங்கள் தலை தானாக ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் அதிகம். மற்ற இருக்கைகளிலும் உட்கார்ந்து பாருங்கள். லாத்தாவின் மாமியார் வலது சரவுண்டுக்குக் கீழே நாற்காலி போட்டுத்தான் உட்காருவார். "பின்னாடி யாரோ குசுகுசுன்னு பேசுற மாதிரியே இருக்கு வாப்பா" என்றார். அதை இன்னும் ஒரு டெசிபல் இறக்கி மைனஸ் 4 ஆக்கினேன். சோபா நடுவில் இருக்கும் லாத்தாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை, மாமிக்குத் தொல்லை போனது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிற செட் என்றால் இந்த விட்டுக்கொடுத்தல் தேவைதான்.

இரவு வெகுநேரம் கழித்துத் தாழ்வாக வைத்துப் பார்க்கும்போது பாஸ் குறைந்ததுபோலத் தோன்றும். காது அப்படித்தான், தாழ்ந்த சத்தத்தில் அடித்தொனி நமக்குச் சரியாக எட்டாது. அப்போது மட்டும் சப்வூஃபரை 2 ஏற்றிக்கொள்ளலாம். முன்பு அணைத்த நைட் மோடும் இப்போது பயன்படும்.

எழுதி வையுங்கள்

முன் இடது 0, முன் வலது மைனஸ் 1, சென்டர் பிளஸ் 3.5, இடது சரவுண்ட் மைனஸ் 5, வலது சரவுண்ட் மைனஸ் 4, சப்வூஃபர் மைனஸ் 2. இதையும் தூரங்களையும் ஒரு தாளில் தேதியோடு எழுதி டிவி ஸ்டாண்டின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவிட்டேன். கரண்ட் போய்வந்தால் சில செட்கள் எல்லாவற்றையும் மறந்துவிடும். பிள்ளைகள் ரிமோட்டை அழுத்தி மாற்றிவிடுவதும் உண்டு. தாள் இருந்தால் ஐந்து நிமிடத்தில் பழையபடி வைத்துவிடலாம்.

சோபா இடம் மாறினால், புதுத் திரைச்சீலை போட்டால், அலமாரி வந்தால் மறுபடி அளக்க வேண்டும். எதுவும் மாறாவிட்டாலும் வாடை அடங்கி வானம் தெளிந்தபிறகு, மாசி வாக்கில், வருடத்துக்கு ஒருமுறை ஒயர் முனைகளைப் பார்த்து, பச்சை தெரிந்தால் வெட்டி, ஒருதடவை டெஸ்ட் டோன் ஓட்டுங்கள். ஏதாவது ஒரு ஸ்பீக்கர் மட்டும் போன வருடத்தைவிட 2 டெசிபல் குறைந்திருந்தால் மெனுவில் ஏற்றாதீர்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போய்ப் பாருங்கள்.